எலக்ட்ரீசியன் வரல, பூச்சு வேலை நிக்குது, பூசிட்டு அப்புறமா வெட்டலாமா?

மதுரை_புதுவீடு:
அண்ணே வணக்கம். 1,100 சதுர அடில வீடு கட்டிட்டிருக்கேன், ரூஃப் போட்டு செங்கல் கட்டும் முடிஞ்சாச்சு. செவுத்த வெட்டி பைப் பதிக்க எலக்ட்ரீசியன் வரணும், நாளைக்கு நாளைக்குன்னே 12 நாள் ஓடிருச்சு. பிளம்பர், எலக்ட்ரீசியன் மொதல்ல முடிக்கட்டும்ங்கிறாரு. கொத்தனார் செட்டு இனி சும்மா உக்கார முடியாது, வேற சைட்டுக்குப் போறோம்ங்கிறாங்க, போனா எப்ப திரும்புவாங்களோ. தை மாசம் பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு. மேஸ்திரி பூசிரலாம், அப்புறம் வெட்டிக்கலாம்ங்கிறாரு. தூக்கமே வரலண்ணே.

சைட்_இன்ஜினியர்:
பூசிட்டு வெட்டாதீங்க தம்பி, ஒட்டுப்போட்ட எடத்துல கோடு கோடா விரியும். கொத்தனார நிறுத்தி வைக்கவும் வேணாம். கரண்ட் பைப் எல்லாம் உள்பக்கம்தான, அதனால வெளிப்பூச்சு, பாராபெட்டு (மொட்டமாடி சுத்துச்செவுரு), சீலிங் பூச்சு இதெல்லாம் இப்பவே ஓடலாம். சீலிங்ல ஃபேன் பாக்ஸுக்குள்ள சிமெண்டு சாக்க திணிச்சிட்டுப் பூசச் சொல்லுங்க. வெளிய பூசறதுக்கு முன்னாடி பாத்ரூம் கழிவு பைப், ஏசி ஓட்டை மட்டும் பிளம்பர வச்சு போட்டுருங்க, சாரம் பிரிச்சப்புறம் அதுக்குன்னு மறுபடி கட்டுறது தண்டச்செலவு. உள்ள ஒரு ரூம் வெட்டி முடிஞ்சா அந்த ரூமப் பூசுங்க, மொத்த வீடும் முடியட்டும்னு காத்திருக்காதீங்க.

ஒயரிங்_அண்ணன்:
நான் இருபது வருசமா ஒயரிங் பாக்குறேன், எங்க பக்கமும் கேளுங்க. வரச்சொல்லுவாங்க, போனா செவுத்துல லெவல் கோடு இருக்காது, ஸ்விட்ச் எங்கன்னு வீட்டுக்காரருக்கே முடிவாகிருக்காது, ரெண்டு ஆளு கூலி போச்சு. அப்புறம் நாங்களும் வேலை ரெடியா இருக்க சைட்டுக்குத்தான போவோம். தரைலேருந்து ஒரு மீட்டர்ல எல்லா ரூம்லயும் டியூப் மட்டம் (தண்ணி ஊத்தின டியூப வச்சு மட்டம் பாக்குறது) புடிச்சு கோடு அடிச்சு வைங்க, பாக்ஸெல்லாம் அதுலேருந்துதான் அளப்போம். கட்டில், டிவி, ஃபிரிட்ஜு, மோட்டார் எங்கன்னு சாக்பீஸ்ல எழுதி போட்டோ அனுப்புங்க, வருவாரு.

நெல்லை_அக்கா:
நாங்க அவசரத்துல பாத்ரூம் பைப்புல பிரஷர்ல தண்ணி ஏத்தி கசியுதான்னு பாக்காமலே டைல்ஸ் ஒட்டிட்டோம், ஆறே மாசத்துல பின்பக்க பெட்ரூம் செவுரு ஈரமாயி பெயிண்டு உப்பி வந்துச்சு, புது டைல்ஸ ஒடச்சுப் பாத்தா எல்போல (பைப் திரும்புற எடத்து ஜாயிண்டு) கசிவு. எவ்வளவு லேட்டானாலும் அத மட்டும் விட்டுராதீங்க. பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணி விட்டு, நல்லா காயவிட்டுத்தான் பட்டி (பெயிண்டுக்கு முன்னாடி பூசுற மாவு) பாக்கணும், அந்த நாளையும் சேத்து தைக்குக் கணக்குப் போடுங்க தம்பி.

மதுரை_புதுவீடு:
ரொம்ப நன்றி. லெவல் கோடு நெசமாவே அடிக்கலண்ணே, நாளைக்கு காலைல மேஸ்திரி அடிச்சுத் தர்றேன்னுட்டாரு. செட்டு திங்கக்கிழமை வெளிப்பூச்சு ஆரம்பிக்கிறாங்க. ஸ்விட்ச் எடமெல்லாம் ராத்திரி வீட்டம்மா கூட உக்காந்து முடிவு பண்ணிட்டு எலக்ட்ரீசியனுக்கு போட்டோ அனுப்பிடுறேன்.