இங்கிலாந்தில் அமைதியான காடு, வயல் பாதை: அம்மாவோடு நடக்க எங்கே போகலாம்?

சில்வர்கிளென்காரி (டர்பன், தென்னாப்பிரிக்கா):

எல்லோருக்கும் வணக்கம். தங்கை லண்டனுக்கு மேற்கே ரெடிங்கில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். ஏப்ரல் கடைசியில் நானும் அம்மாவும் அவள் வீட்டில் போய்த் தங்குகிறோம், மே நடுவில்தான் திரும்புவோம், விசா கைக்கு வந்துவிட்டது. லண்டன், அரண்மனை, மணிக்கூண்டு எல்லாம் தங்கை காட்டிவிடுவாள், நான் கேட்க வந்தது வேறு. பழைய மரங்கள் இருக்கிற, கூட்டம் இல்லாத ஒரு காட்டுக்குள் நடக்க வேண்டும், அங்கிருந்து வயல் ஓரமாக ஒரு கிராமம் வரைக்கும் போக வேண்டும். சின்ன வயதிலிருந்து இருக்கிற ஆசை. பள்ளிக்கூடத்தில் எங்களை மனப்பாடம் செய்ய வைத்த பாட்டெல்லாம் அந்த ஊர்ப் பூவும் அந்த ஊர் மரமும்தான், அதில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

இங்கே நடக்கப் போவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். கிரான்ட்ஸ்க்ளூஃப் காப்புக்காட்டுக்குப் போனால் வாசலில் பணம் கட்ட வேண்டும், நாலு பேராகச் சேர்ந்துதான் போக வேண்டும், போனையும் சங்கிலியையும் வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மாம்பா பாம்புப் பயம் வேறு. தங்கையோ, வேலை இல்லாத நாளில் தனியாகவே காட்டுக்குள் போய்விட்டு வருவதாகவும், பண்ணைக்காரர் வயலுக்கு நடுவிலேயே பாதை போகும், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள் என்றும் சொல்கிறாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை, ஆனாலும் நம்ப முடியவில்லை.

அம்மாவுக்கு எழுபது ஆகப் போகிறது, இடது முழங்காலில் வலி, மெதுவாக ஐந்து கிலோமீட்டர் நடப்பார். ஆனால் தயக்கம் காலில் இல்லை. எந்தக் கடற்கரை மணலில் எந்த நிறத்தவர் உட்காரலாம் என்று பலகை வைத்திருந்த காலத்தில் டர்பனில் வளர்ந்தவர். “வெள்ளைக்காரன் பண்ணைக்குள்ளே நாம எப்படிம்மா நுழையறது, நாயை அவிழ்த்து விட்டுட்டா என்ன பண்றது” என்று கேட்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

தேம்ஸ்கரைத் தம்பி (ஃபீனிக்ஸ்காரன், இப்போது ரெடிங் பக்கம்):

அக்கா, உங்கள் தங்கை சொன்னது அத்தனையும் உண்மை. அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: நிலம் பண்ணைக்காரருடையது, ஆனால் அதன் மேல் போகிற பாதையில் நடக்கிற உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. அவர் பெரிய மனது பண்ணிக் கொடுத்ததில்லை, சட்டம். நேற்று விமானத்தில் வந்து இறங்கியவருக்கும் அதே உரிமைதான். இந்தப் பாதைகளுக்கென்றே ஒவ்வொரு கவுன்டியிலும் அதிகாரபூர்வமான வரைபடம் வைத்திருக்கிறார்கள், அதில் இருக்கிற பாதையை அவர் அடைக்கக் கூடாது, கேட்டைப் பூட்டக் கூடாது. வயல் நடுவில் போகிற பாதையை உழுதுவிட்டால்கூட 14 நாளுக்குள் திரும்பவும் நடக்கிற மாதிரி ஆக்கித் தர வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படி 2,25,000 கிலோமீட்டர் அளவுக்குப் பாதை இருக்கிறது, ஆகையால் எந்தக் கிராமத்தில் இறங்கினாலும் ஒன்று கண்ணில் படும்.

அடையாளம் சுலபம். கம்பத்திலோ கேட்டிலோ மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கான பாதை, நீல அம்பு இருந்தால் குதிரையும் சைக்கிளும்கூட வரும். பக்கத்திலேயே ‘பிரைவேட்’ என்று ஒரு பலகை இருக்கும், அதைப் பார்த்துத் திரும்பி விடாதீர்கள், அது பாதைக்கு வெளியே இருக்கிற நிலத்துக்குச் சொன்னது. அதே சமயம் உரிமை பாதையில் மட்டும்தான், பாதையை விட்டு அவர் தோப்புக்குள் இறங்கி உட்கார உரிமை கிடையாது, இதையும் அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள்.

வரைபடம் கட்டாயம் வாங்குங்கள். இந்த நாட்டு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடுகிற ஆரஞ்சு அட்டை ‘எக்ஸ்ப்ளோரர்’, ரெடிங்குக்கு வடக்கே நடக்க 171ஆம் எண். வயல் வேலிகூட அதில் தெரியும். பச்சைக் கோடு போட்டிருந்தால் உரிமைப் பாதை. கறுப்புப் புள்ளிக்கோடு மட்டும் இருந்தால் அங்கே ஒரு தடம் இருக்கிறது என்று அர்த்தம், நடக்க உரிமை உண்டு என்று அர்த்தம் இல்லை. போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அந்தப் பக்கத்துச் சில்டர்ன் மலைப் பள்ளத்தாக்குகளில் பல இடத்தில் சிக்னலே வராது.

இடம் கேட்டீர்கள். நான் நஃபீல்டு கிராமத்தைத்தான் சொல்வேன், ரெடிங்கிலிருந்து தங்கை காரில் கொண்டுபோய் விடலாம். அங்கே தேவாலயத்திலிருந்து மேற்கே ரிட்ஜ்வே என்ற நெடும்பாதை போகிறது, மொத்தம் 87 மைல், நீங்கள் அதில் ஒரு துண்டு நடந்தால் போதும். கொஞ்ச தூரம் போனவுடன் கிரிம்ஸ் டிட்ச் வந்துவிடும். இரும்புக் காலத்தில் வெட்டிப் போட்ட நீளமான மண்கரையும் பள்ளமும் அது, பாதை அதை ஒட்டியே பீச் மரங்களுக்கு அடியில் தேம்ஸ் பக்கம் மெல்ல இறங்குகிறது. மாங்க்வெல் வரை போனால் ஆறு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். ஏறுவது குறைவு, ஆனாலும் இறக்கத்தில் முழங்கால்தான் அதிகம் தாங்கும், மெதுவாக இறங்கட்டும், தங்கை காரை அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளலாம். அம்மாவுக்கு மாரிஸ் மைனர் கார் ஞாபகம் இருக்குமே? அந்த மாரிஸ் கம்பெனியை ஆரம்பித்த வில்லியம் மாரிஸ் குடியிருந்தது நஃபீல்டில்தான், அந்தத் தேவாலயத்து முற்றத்தில்தான் அவருடைய அஸ்தியை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அப்புறம், நீங்கள் வருகிற நேரம். இதைவிட நல்ல நேரம் வருஷத்தில் இல்லை, நிச்சயமாகச் சொல்கிறேன். பீச் இலை முழுசாக விரிந்துவிட்டால் கோடை முழுவதும் அடியில் வெயில் விழாது, செடிகள் வளராது. அதனால் தரையில் இருக்கிற பூச்செடிகள் எல்லாம் மேலே இலை மூடுவதற்குள் முளைத்து, பூத்து, அடுத்த வருஷத்துக்கான சத்தைக் கிழங்கில் சேர்த்துக்கொண்டு படுத்துவிடும். முதலில் வெள்ளையாக உட் அனெமோனி, அப்புறம் புளூபெல், ஏப்ரல் கடைசி மே முதல் வாரம் அதற்கு உச்சம். மரத்தடி முழுக்க ஊதா கலந்த நீலம், மேலே அப்போதுதான் விரிந்த இலை, வெயில் பட்டால் இலைக்குள் ஒளி புகுந்து பச்சையாகக் கீழே இறங்கும். இந்த இரண்டும் ஒன்றாக இருக்கிற நாட்கள் குறைவு. மேலே செம்பருந்து மாதிரி, ஆனால் வால் பிளந்த பறவை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், ரெட் கைட் என்பார்கள். இங்கிலாந்தில் அது அடியோடு அழிந்துபோய், 1989இலிருந்து ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தச் சில்டர்ன் காடுகளில் விட்டார்கள். இப்போது ரெடிங் நகரத்துக் கூரை மேலேயே பறக்கிறது.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

அம்மா, தம்பி நன்றாக எழுதியிருக்கிறார், உரிமை எங்கிருந்து வந்தது என்பதை நான் சேர்க்கிறேன், ஏனென்றால் உங்கள் தாயாருக்கு அதுதான் தைரியம் தரும்.

லண்டனுக்குப் பக்கத்தில் எப்பிங் காடு இருக்கிறது. 1860களில் நிலப்பிரபுக்கள் அதை வேலி போட்டு வளைக்க ஆரம்பித்தபோது, லௌட்டன் கிராமத்து ஏழைகள் குளிர்காலத்தில் விறகுக்குக் கிளை வெட்டும் தங்கள் வழக்கமான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. தாமஸ் வில்லிங்கேல் என்ற கூலிக்காரரின் வீட்டுப் பிள்ளைகள் அதற்காக 1866இல் சிறைக்குப் போனார்கள். வழக்கு வளர்ந்து, கடைசியில் 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது, காடு லண்டன் மாநகர நிர்வாகத்தின் பொறுப்புக்குப் போனது, வேலிகள் எடுக்கப்பட்டன. பாதைகளின் கதையும் இதேதான். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறி ஏறினார்கள், ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை. தம்பி சொன்ன அதிகாரபூர்வ வரைபடம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. காந்தியின் சத்தியாகிரகத்தில் சேர்ந்த தில்லையாடி வள்ளியம்மை எங்கள் ஊர்ச் சிறையில் கிடந்து, வெளியே வந்து, பதினாறு வயதில் செத்துப்போனாளே, அவள் பெயரைச் சொல்லி வளர்ந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாதை எளிய மனிதர்கள் வாங்கிக்கொடுத்தது, அதில் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்று தாயாரிடம் சொல்லுங்கள்.

கார் இல்லாத நாளில் எப்பிங்குக்கே போகலாம். எலிசபெத் லைன் ரயிலில் வந்து லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் சென்ட்ரல் லைனுக்கு மாறி லௌட்டனில் இறங்கினால், கொஞ்ச தூரத்திலேயே காடு. அங்கே உள்ள ஹார்ன்பீம், பீச் மரங்களைப் பார்த்தால் அதிசயமாக இருக்கும்: ஆள் உயரத்துக்கு மேலே வெட்டி வெட்டி விட்டதால், நம் வீட்டு முருங்கையை மொட்டையடித்தால் தலையில் கொத்தாகக் கிளைக்குமே, அப்படிப் பருத்த தலையோடு நிற்கும். தரையில் விட்டால் மாடு மான் கடித்துவிடும் என்று உயரத்தில் வெட்டினார்கள். அப்படி வெட்டுவதே மரத்துக்கு ஆயுளைக் கூட்டியது, சில மரங்கள் பல நூறு வருஷமாக நிற்கின்றன.

லெனேசியா அக்கா:

ஐயா சொன்ன எப்பிங் அழகுதான், ஆனால் சனி ஞாயிறில் அமைதி கிடைக்காது, சைக்கிளும் நாயும் குடும்பங்களும் நிறைய. போவதென்றால் செவ்வாய் புதன் காலை போங்கள். முழங்காலுக்கும் நான் தம்பி கட்சி. வயல் பாதைகளில் வேலியைத் தாண்ட ‘ஸ்டைல்’ என்று மரப்படி வைத்திருப்பார்கள், காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும், வயதானவர்களுக்கு நடையைவிட அதுதான் கஷ்டம். ரிட்ஜ்வேயில் பெரும்பாலும் கேட்தான்.

இரண்டு பெண்கள் தனியாகப் போகலாமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கேள்வி அதுதான் என்று புரிகிறது. போகலாம். ஜோகன்னஸ்பர்க்கில் காரிலிருந்து கடைக்குள் போவதற்கே சுற்றிப் பார்த்துப் பழகிய எனக்கு, முதலில் பின்னால் காலடி கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. எதிரே வருகிறவர்கள் ‘மார்னிங்’ சொல்வார்கள், நீங்களும் சொல்லுங்கள், அவ்வளவுதான். கிராமத்துப் பப்பில் நாங்கள் நுழைந்தபோது தலைகள் திரும்பின, அதை மறைக்க மாட்டேன். திரும்பிய தலை பழையபடி தன் தட்டுக்குப் போய்விட்டது, ஒரு பாட்டி நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். பப்பில் மதியச் சமையலை இரண்டு, இரண்டரைக்கு நிறுத்திவிடுகிற இடங்கள் உண்டு, அதனால் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது. கழிவறையும் பப்பை விட்டால் வழியில் கிடையாது.

நாய்: நிறைய வரும், அவிழ்த்துத்தான் விட்டிருப்பார்கள், ஆனால் காவல் நாய் இல்லை, வீட்டு நாய். பயம் என்று தூரத்திலேயே சொன்னால் கூப்பிட்டுக் கட்டிவிடுவார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது மாடு. கன்றோடு பசுக்கள் இருக்கிற வயலில் தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாதீர்கள், பாதையை விட்டுச் சுற்றிப் போனாலும் பரவாயில்லை, ஓடவும் கூடாது. பாம்பு பற்றிக் கவலையே வேண்டாம், அந்த நாட்டில் விஷப் பாம்பு ஆடர் ஒன்றுதான், அதுவும் ஆளைக் கண்டால் நழுவிவிடும். உண்ணி இருக்கிறது. பாவாடை, சேலை வேண்டாம், பேன்ட்டைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். அடுத்த வாரங்களில் சிவப்பு வட்டம் படர்ந்தால் டாக்டரிடம் போக வேண்டும், லைம் நோய் அப்படித்தான் தொடங்கும். தங்கை நர்ஸ், அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மழை பெய்த மறுநாள் சில்டர்னில் களிமண் சறுக்கும், கோயிலுக்குப் போட்டுப் போகிற செருப்போடு போகாதீர்கள், கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸும் அம்மாவுக்கு ஒரு கைத்தடியும் அவசியம். ஏப்ரலிலும் காலையில் குளிர் எலும்பில் இறங்கும். சாயங்காலம் எட்டு மணி வரை வெளிச்சம் இருப்பதால் அவசரப்பட வேண்டாம், பத்து மணிக்கு வெயில் ஏறியபின் கிளம்புங்கள்.

சில்வர்கிளென்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், வள்ளியம்மை பெயர் வந்த இடத்தில் இன்னொரு தடவை படி என்றார். நஃபீல்டு என்று முடிவு செய்துவிட்டோம், வார நாளில். இப்போது அவர் கேட்கிற கேள்வி வேறு: அந்த நீலப் பூவில் நாலு பறித்து வந்து தங்கை வீட்டுச் சாமி படத்துக்கு வைக்கலாமா?

தேம்ஸ்கரைத் தம்பி:

வேண்டாம் அக்கா, அம்மா மனம் கோணாமல் சொல்லுங்கள். கிழங்கோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பூவை மட்டும் கிள்ளினாலும் வீடு வருவதற்குள் வாடித் தொங்கிவிடும், சாறும் விஷம். படம் எடுக்கப் பூவுக்குள் இறங்கி நிற்பதும் கூடாது, இலை நசுங்கினால் கிழங்குக்குச் சத்துப் போகாது, மிதித்த இடம் தேறப் பல வருஷம் ஆகும், பாதையில் நின்றே எடுங்கள். சாமிக்கு வேண்டுமானால் அந்த மாதத்தில் ரெடிங் சூப்பர் மார்க்கெட் எல்லாவற்றிலும் ட்யூலிப் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், மல்லிகைச் சரம் கேட்டால் நம் ஆட்கள் கடையில் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.