ஹம்பி போகிறோம், ஹாஸ்டலில் தங்கலாமா?

பாலக்கோட்டுக்காரி:
நானும் சித்தி மகளும் பொங்கல் லீவில் ஹம்பி போகிறோம், மூன்று ராத்திரி. ஹோட்டல் ரூம் எடுத்தால் கையிலிருப்பதில் பாதி அதற்கே போய்விடும். பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் ஒரு கட்டிலுக்கு மட்டும் கொடுத்தால் போதுமாம். அம்மாதான் "முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையிலா?" என்று இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. தங்கியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

தர்மபுரி அக்கா:
போன வருஷம் ஃபோர்ட் கொச்சியில் தனியாக நான்கு ராத்திரி தங்கினேன். எனக்கு வயது 41. பெண்கள் மட்டும் தங்கும் அறையா என்று பார்த்துப் புக் செய்ம்மா. 'மிக்ஸ்டு' என்றால் ஆண்களும் இருப்பார்கள். எங்கள் அறையில் ஆறு கட்டில், மேலும் கீழுமாக. கீழ்க்கட்டில் கேட்டு வாங்கு. பழைய வேட்டி ஒன்று எடுத்துப் போய் மேல்மெத்தை ஓரத்தில் செருகித் தொங்கவிட்டால் நமக்கென்று ஒரு சின்ன அறை. லாக்கர் இருந்தது, பூட்டு நான் கொண்டுபோனது.

முதல் ராத்திரி தூக்கமே இல்லை. யாரோ மூன்றரை மணிக்குக் கிளம்ப, பிளாஸ்டிக் கவர் சரசரவென்று ஒரே சத்தம். ஆனால் மறுநாள் அங்கிருந்த சமையலறையில் ராகிக் களி கிளறினேன். ஒரு பஞ்சாபிப் பெண் துடுப்பை வாங்கி அவளே கிளறினாள். இன்றும் பேசுகிறோம். ஹோட்டலில் கதவைச் சாத்தினால் நாமும் டிவியும்தானே?

கிருஷ்ணகிரி சார்:
ஹம்பி எக்ஸ்பிரஸில் ராத்திரி பெங்களூரில் ஏறினால் காலையில் ஹொசப்பேட்டை. அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். கட்டில் பெரும்பாலும் மத்தியானம்தான் கிடைக்கும். பையை மட்டும் முன்னதாக வைக்கலாமா என்று போனில் கேட்டுவிடுங்கள். ஒரிஜினல் ஆதார் கையில் இருக்கட்டும்.

பழைய பயணக் கட்டுரைகளைப் பார்த்து விருபாபுர கட்டேயில் இடம் தேடாதீர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2020இல் அங்கிருந்த விடுதிகளை இடித்துவிட்டார்கள். ஆனேகுந்தி, சாணாபுரம் பக்கம் ஹாஸ்டல்கள் உண்டு. ஆனால் அது துங்கபத்திரைக்கு அக்கரை, கோயில்கள் பெரும்பாலும் இக்கரை. பொழுது சாய்ந்தால் படகு நின்றுவிடும், சாலையில் வெகுதூரம் சுற்ற வேண்டும். பெண்பிள்ளைகள் இருவர் என்பதால் சொல்கிறேன்.

பாலக்கோட்டுக்காரி:
ரொம்ப நன்றி அக்கா, சார். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். களி என்றதும் சிரித்துவிட்டார். இக்கரையிலேயே பெண்கள் அறையில் இரண்டு கீழ்க்கட்டில் சொல்லிவிட்டோம். அக்கா, நான்கு நாளைக்கு மாவு எவ்வளவு எடுத்துப் போனீர்கள்?