ஓவர்டிரைவ் போட்டால் மைலேஜ் 28 சதவீதம் கூடுமாம்! கேட்பவன் கேனையனாக இருந்தால்...

பழைய பணிமனை (இழையைத் தொடங்கியவர்)

பயணப் பகுதியில் ஒஹாயோ ஓட்டுநர் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் அமெரிக்காவில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட பஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்திருக்கிறார். சீட்டையெல்லாம் கழற்றி, கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்து வீடாக மாற்றியிருக்கிறார். நல்ல விஷயம், பாராட்டுகள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கியர் பாக்ஸுக்குப் பின்னால் தனி ஓவர்டிரைவ் யூனிட் ஒன்றை, அதாவது அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்றைக் குறைக்கிற கூடுதல் கியரைப் பொருத்தினாராம், "மைலேஜ் 28 சதவீதம் கூடிவிட்டது" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே கைதட்டல் வேறு.

28 இல்லை ஐயா, 22. அந்த யூனிட்டின் விகிதம் 0.78 என்று அவரே எழுதியிருக்கிறார். எஞ்சின் 100 சுற்று சுற்றிய இடத்தில் இனி 78 சுற்று. நூறில் எழுபத்தெட்டு போனால் இருபத்திரண்டு. இதற்குப் பொறியியல் வேண்டாம், மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்குப் போதும். 31 வருஷம் அரசு பஸ் டிப்போவில் ஸ்பேனர் பிடித்தவன் சொல்கிறேன்.

ஒஹாயோ ஓட்டுநர்

வணக்கம் ஐயா. என் பெயரை இழுத்ததால் வருகிறேன். முன்பு 2,000 சுற்றில் என் பஸ் 45 மைல் வேகத்தில் போகும். இப்போது அதே 2,000 சுற்றில் 58 மைல். 45க்கு 58 எத்தனை சதவீதம் அதிகம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள், 28க்கு மேலேயே வரும். அதே சுற்று, கூடுதல் தூரம். இதில் பொய் எங்கே இருக்கிறது?

இந்த யூனிட் நேற்று முளைத்ததும் இல்லை. இங்கிலாந்தின் லேகாக் டி நார்மன்வில் வடிவமைப்பின் வாரிசு. 1950, 60களில் டிரையம்ப், வால்வோ கார்களிலெல்லாம் அந்த வகை இருந்தது.

பழைய பணிமனை

டிரையம்ப் இரண்டு பேர் உட்காரும் கார் தம்பி. உன்னுடையது பஸ். அது கிடக்கட்டும். சுற்று எவ்வளவு குறைந்தது? 22. பேச்சு முடிந்தது.

தேற்றம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேர் சொல்வதும் ஒரே கணக்குதான். 1ஐ 0.78ஆல் வகுத்தால் 1.28. ஆடித் தள்ளுபடியில் 22 சதவீதம் குறைத்தால், அதே பணத்துக்கு 28 சதவீதம் அதிகமாகத் துணி எடுக்கலாம். அது மாதிரிதான். ஆனால் 22, 28 இரண்டுமே மைலேஜ் இல்லை. அதுதான் நான் சொல்ல வந்தது.

பழைய பணிமனை

ஆடித் தள்ளுபடியில் முதலில் விலையை ஏற்றிவிட்டுத்தான் குறைப்பார்கள். அது மாதிரிதான் இந்த 28ம். நல்ல உதாரணம் கொடுத்தீர்கள், நன்றி.

ஒஹாயோ ஓட்டுநர்

தேற்றம் சொன்னதைப் பார்த்தீர்களா? 1.28. அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

தேற்றம்

நான் அப்படிச் சொல்லவில்லை.

மஞ்சள் வண்டி

எல்லோருக்கும் வணக்கம், நான் டெக்சாஸ். நானும் போன மாதம் இதே மாதிரி ஒரு பஸ் வாங்கினேன். டிடி466 எஞ்சின், அலிசன் ஏடி545 ஆட்டோமேட்டிக். 60 மைலில் போனால் எஞ்சின் கதறுகிறது, உள்ளே பேசினால் காது கேட்கவில்லை. இந்த யூனிட் போடலாமா, வேண்டாமா? யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

தனித்தமிழ்

ஓவர்டிரைவ், மைலேஜ், யூனிட், கியர்... இது தமிழ்க் களமா, இல்லை பர்மிங்காம் பட்டறையா? "மிகைவிரைவுப் பல்லிணை" என்று அழகாகச் சொல்லலாமே.

பழைய பணிமனை

எங்கள் டிப்போவில் ஓ.டி. என்றால் ஓவர்டைம். அந்த ஓ.டி.யே மூன்று மாதம் கழித்துத்தான் வரும். இந்த ஓ.டி.க்கு நீங்கள் பெயர் வைத்து, அது வந்து சேர்வதற்குள் பஸ் காயலான் கடைக்குப் போய்விடும்.

நாமக்கல் லாரி

ஏன் சார் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்? பின் அச்சு ஹவுசிங்கைத் திறந்து கிரவுன் பினியனை, அதாவது சக்கரங்களைச் சுழற்றுகிற பல்சக்கர ஜோடியை மாற்றினால் வேலை முடிந்தது. ஒஹாயோக்காரர் தன் பஸ்ஸுக்குப் பின் அச்சு விகிதம் 5.29 என்று எழுதியிருந்தார். அது 37க்கு 7 பல். 37க்கு 9 போட்டால் 4.11. அவருடைய ஓவர்டிரைவ் கொடுக்கிற அதே 0.78 குறைப்பு இதிலும் வந்துவிடும். தனி யூனிட் வேண்டாம், அதற்கு ஒரு சுவிட்ச் வேண்டாம், ப்ரொபெல்லர் ஷாப்டை வெட்டி பேலன்ஸ் பார்க்கிற கூத்தும் வேண்டாம். எங்கள் ஊரில் இதை ஒரு பகலில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

ஒஹாயோ ஓட்டுநர்

அப்புறம் ஏற்றத்தில்? ஓவர்டிரைவை சுவிட்சில் எடுத்துவிட்டால் பழைய பல் அப்படியே இருக்கிறது. நீங்கள் பல்லையே மாற்றிவிட்டால் முதல் கியரிலும் அதே 4.11தான். கென்டக்கியிலிருந்து டென்னசிக்குள் நுழையும்போது ஜெல்லிகோ ஏற்றம் வரும். ஒன்பது டன் வீட்டை இழுத்துக்கொண்டு அதில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.

நாமக்கல் லாரி

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது சார். எங்களுக்கு ஏற்றத்தைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள்.

பழைய பணிமனை

கொல்லிமலைக்கு உங்கள் லாரி காலியாகத்தானே போகும்? போன தீபாவளிக்கு ரீட்ரெட் டயர் இழையில் 16 டன்னை 25 டன் என்று எழுதியவர்தானே நீங்கள்? இன்னும் மறக்கவில்லை.

நாமக்கல் லாரி

டிப்போவில் ஆக்சிலரேட்டர் ஒயர் அறுந்தால் சணல் கயிறு கட்டி அனுப்பினவர் என்னைக் கேட்கிறார். நல்ல காலம்.

பழைய பணிமனை

கயிறு கட்டினாலும் 5.2 கே.எம்.பி.எல்., அதாவது லிட்டருக்கு 5.2 கிலோமீட்டர் கொடுத்தது என் வண்டி. "எரிபொருள் சிக்கனம், தேவை இக்கணம்" என்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எழுதி வைத்ததோடு நிற்காமல், ஒவ்வொரு டிரைவருக்கும் தினம் லிட்டர் கணக்குப் பார்த்தோம். இவர் பஸ் கேலனுக்கு 8 மைலாம். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். அப்படியென்றால் லிட்டருக்கு 3.4 கிலோமீட்டர். எங்களிடம் 3.4 வந்திருந்தால் டிரைவருக்கு மெமோ, மெக்கானிக்குக்கு இடமாற்றம். இதில் 22ஐ 28 ஆக்கி என்ன பிரயோஜனம்?

தேற்றம்

ஐயா, நிறைய அமெரிக்கப் பள்ளி பஸ்களை ஊருக்குள் நின்று நின்று போவதற்கென்றே பல் கட்டியிருக்கிறார்கள். 11ஆர்22.5 டயர் ஒரு மைலுக்குச் சுமார் 500 சுற்று. 60 மைல் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல். 500ஐ 5.29ஆல் பெருக்கினால் எஞ்சின் 2,645 சுற்று. அதனால்தான் மஞ்சள் வண்டிக்குக் கதறல் கேட்கிறது. ஓவர்டிரைவில் இது சுமார் 2,060 ஆகும். சத்தம் கட்டாயம் குறையும். ஆனால் காற்றைப் பிளந்துகொண்டு போகத் தேவையான சக்தி ஒரு குதிரைகூடக் குறையாது. 60 மைலில் போக வேண்டும் என்றால் அந்தச் சக்தியை எஞ்சின் கொடுத்தே ஆக வேண்டும், 2,645இல் கொடுத்தாலும் சரி, 2,060இல் கொடுத்தாலும் சரி. சுற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் டீசல் கூடும். மிச்சமாவது எஞ்சினின் உள் உராய்வில் போகிற பங்குதான். என் கணக்கில் 5 முதல் 10 சதவீதம்.

இன்னொன்று. ஏடி545இல் லாக்கப், அதாவது எஞ்சினையும் கியர் பாக்ஸையும் வழுக்காமல் நேரடியாகப் பூட்டுகிற வசதி கிடையாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கன்வர்ட்டருக்குள் எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது, ஒரு மின்விசிறி எதிரில் இருக்கும் இன்னொன்றைச் சுழற்றுகிற மாதிரி. சுற்றைக் குறைத்துச் சுமையைக் கூட்டினால் அங்கே வழுக்கல் கூடும், எண்ணெய் சூடாகும்.

ஒஹாயோ ஓட்டுநர்

புத்தகம் படித்தவர் 5 என்கிறார், டேங்க் நிரப்பியவன் 28 என்கிறேன். என் நோட்டுப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே போடுகிறேன்.

முன்பு: 1,000 மைல், 125 கேலன். கேலனுக்கு 8.0.
பிறகு (ஸ்மோக்கி மலைப் பயணம்): மீட்டரில் 1,010 மைல். ஸ்பீடோ சென்சார் கியர் பாக்ஸ் வாலில், யூனிட்டுக்கு முன்னால் இருப்பதால் மீட்டர் குறைத்துத்தான் காட்டும். அதனால் 1.28ஆல் பெருக்கினால் 1,293 மைல். டீசல் 126 கேலன். கேலனுக்கு 10.26.

8க்கு 10.26. 28 சதவீதம். வேறு யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?

பழைய பணிமனை

இருக்கிறது. எனக்கு.

மீட்டர் குறைத்துக் காட்டுவது ஓவர்டிரைவ் போட்டு ஓடும்போது மட்டும்தான். சுவிட்சை எடுத்துவிட்டால் மீட்டர் சரியாகவே காட்டும். நீ மொத்தத்தையும் 1.28ஆல் பெருக்கிவிட்டாய். உன் பயணக் கட்டுரையின் மூன்றாம் பாகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "பிஜன் போர்ஜ் ஊருக்குள் நத்தை மாதிரி ஊர்ந்தோம்" என்கிறாய். "மலைப்பாதை முழுக்க ஓவர்டிரைவை எடுத்துவிட்டேன்" என்கிறாய். "மீட்டரில் 500 மைலாவது அப்படியே போனது" என்றும் உன் கையால்தான் எழுதியிருக்கிறாய்.

இப்போது போடு. 510ஐ 1.28ஆல் பெருக்கினால் 653. அதோடு 500. ஆக 1,153. வகுத்தல் 126. கேலனுக்கு 9.15. எட்டிலிருந்து 9.15 என்பது 14 சதவீதம். உன் 28இல் பாதி காற்றில் போச்சு.

சும்மா பார்ப்பவன்

அடேங்கப்பா. ஐயா ஆடிட்டராகப் போயிருக்கலாம்.

ஒஹாயோ ஓட்டுநர்

500 என்று குத்துமதிப்பாக எழுதினேன். கட்டுரைக்கு அழகாக இருக்கட்டும் என்று. உண்மையில் 300கூட இருக்காது.

பழைய பணிமனை

அழகுக்கு எழுதியது 500ஆ, 28ஆ? அதையும் சொல்லிவிடு.

நாமக்கல் லாரி

போனில் ஜி.பி.எஸ். இருக்குமே சார், அதில் தூரம் பார்க்கவில்லையா?

ஒஹாயோ ஓட்டுநர்

மலையில் சிக்னல் இல்லை.

தேற்றம்

பணிமனை ஐயா, அப்படியென்றால் உங்கள் கணக்கிலேயே 14தான் வருகிறது. நீங்கள் முதலில் சொன்ன 22ம் இல்லையே?

பழைய பணிமனை

22 என்பது சுற்று. நான் மைலேஜ் என்று எப்போது சொன்னேன்? மேலே போய்ப் படிக்கவும்.

தேற்றம்

அதைத்தானே நானும் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்...

பழைய பணிமனை

நீங்கள் ஆடித் தள்ளுபடி என்றீர்கள்.

தனித்தமிழ்

"மிகைவிரைவுப் பல்லிணை" பற்றி யாருமே கருத்துச் சொல்லவில்லை. வருத்தமாக இருக்கிறது.

நாமக்கல் லாரி

பல்லிணை என்றால் ஏற்கெனவே கியர்தானே? அப்போது கிரவுன் பினியனுக்கு என்ன சொல்வீர்கள், மகுடப் பல்லா? பல் டாக்டர் இழை மாதிரி ஆகிவிடும்.

ஒஹாயோ ஓட்டுநர்

சரி, 14 என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் லாபம்தானே?

பழைய பணிமனை

வைத்துக்கொள்ள வேண்டாம், ஒப்புக்கொள். யூனிட், ஷாப்ட் வேலை எல்லாம் சேர்த்து 3,800 டாலர் ஆனது என்று நீயே எழுதியிருக்கிறாய். வருஷத்துக்கு 5,000 மைல் ஓட்டுகிறாய். கேலன் 4 டாலர் என்று வை. 8க்கு 625 கேலன். 9.15க்கு 546 கேலன். மிச்சம் 79 கேலன், அதாவது 316 டாலர். போட்ட காசு திரும்ப 12 வருஷம். அதுவரை அந்த பஸ்ஸின் தளம் துருப்பிடிக்காமல் இருக்குமா? ஒஹாயோவில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்களே, அதையும் நீதான் எழுதினாய்.

ஒஹாயோ ஓட்டுநர்

காசுக்காகவா போட்டேன்? முன்பு 55இல் போனேன், இப்போது 65இல் சத்தமில்லாமல் போகிறேன். என் மனைவி பின்னால் நிம்மதியாகத் தூங்குகிறாள். அதற்கு விலை என்ன?

தேற்றம்

55இலிருந்து 65க்குப் போனால் காற்றுத் தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். ஓவர்டிரைவில் மிச்சமானதை அதிலேயே...

ஒஹாயோ ஓட்டுநர்

தம்பி, நீங்கள் பஸ் வைத்திருக்கிறீர்களா?

தேற்றம்

இல்லை.

ஒஹாயோ ஓட்டுநர்

அதுதானே பார்த்தேன்.

சும்மா பார்ப்பவன்

அப்படிப் பார்த்தால் பணிமனை ஐயாவும் பஸ் வைத்திருக்கவில்லையே. அரசாங்கம்தான் வைத்திருந்தது.

பழைய பணிமனை

ஒரு நாளைக்கு 60 பஸ் என் கையில் இருந்தது. அதில் எது என்னுடையது இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஆடிட்டர் என்று கிண்டலடித்ததையும் கவனித்தேன். யாரென்றும் தெரியும், ரீட்ரெட் இழையில் வேறு பெயரில் வந்தவர்தான்.

சும்மா பார்ப்பவன்

நான் அந்த இழையிலேயே இல்லை ஐயா.

பழைய பணிமனை

இல்லாதவர் எதற்குப் பதில் சொல்கிறீர்கள்?

மஞ்சள் வண்டி

மன்னிக்கவும், மறுபடி நான்தான். என் பஸ்ஸிலும் ஏடி545தான். தேற்றம் சொன்ன சூடு பயமாக இருக்கிறது. கியர் பாக்ஸையே மாற்றி ஆறு கியர் எம்டி3060 போடலாம், அதில் கடைசி இரண்டும் ஓவர்டிரைவ், லாக்கப்பும் உண்டு என்று இங்கே ஒருவர் சொன்னார். அதுவா, யூனிட்டா, கிரவுன் பினியனா? நாளைக்கு மெக்கானிக்கிடம் பதில் சொல்ல வேண்டும்.

நாமக்கல் லாரி

கிரவுன் பினியன். 37க்கு 9. கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள், உங்கள் அச்சுக்குக் கிடைத்தால்.

ஒஹாயோ ஓட்டுநர்

யூனிட். எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், எந்த பிராக்கெட் என்று படத்தோடு சொல்கிறேன். 28 வரும், நான் பொறுப்பு.

பழைய பணிமனை

மறுபடி 28! மறுபடி 28! இவ்வளவு கணக்குப் போட்ட பிறகும்!

மஞ்சள் வண்டி

ஐயா, நீங்களாவது சொல்லுங்கள். 31 வருஷ அனுபவம். எதைப் போடட்டும்?

பழைய பணிமனை

சொல்கிறேன் தம்பி, எனக்குத் தெரியாததா? முதலில் அவர் 22 என்று எழுதட்டும். அப்புறம் சொல்கிறேன்.