சங்கத்தின் நான்கு இணையக் குழுக்கள்: எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்தலாமா?

புதிய_ஒருங்கிணைப்பாளர் கேட்டது:
இயன்முறை மருத்துவர்கள் சங்கம் ஒன்றில் இணையக் குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. மாணவர்கள், சிகிச்சை அனுபவம் பேசுபவர்கள், சங்க விதிகளைத் திருத்துபவர்கள், தனியாக கிளினிக் நடத்துபவர்கள் என நான்கு குழுக்கள். நான்குக்கும் நிர்வாகக் குழு தந்திருப்பது ஒரே திட்டம்: வாரம் ஒரு கேள்வி போட வேண்டும், மாதக் கடைசியில் எத்தனை பதிவுகள் வந்தன என்று கணக்குக் கொடுக்க வேண்டும். விதித் திருத்தக் குழுவில் பதிவுகள் குவிகின்றன, வரைவு நகரவில்லை. சிகிச்சைக் குழுவில் என் கேள்விக்கு இரண்டு லைக் விழுவதோடு சரி. எதை மாற்றுவது?

பழைய_நெறியாளர்:
விதித் திருத்தக் குழு ஒரு வேலைக்குழு. அங்கே பேச வைப்பது உங்கள் வேலை இல்லை, முடிக்க வைப்பதுதான். வரைவு ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு கடைசி நாள். அதற்குள் ஆட்சேபம் வராவிட்டால் அந்தப் பிரிவு ஏற்கப்பட்டது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் குழுவை மூடிவிடுங்கள்.

சிகிச்சைக் குழுவின் சங்கதி வேறு. ஒரே தொழில் செய்பவர்கள் பேசிப் பழகித் தொழிலைக் கற்கும் இந்த மாதிரிக் கூட்டத்தை 1991-ல் கற்றல் பற்றி ஆராய்ந்த ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் ‘நடைமுறைச் சமூகம்’ என்ற பெயரில் விளக்கினார்கள். புதியவர் ஓரத்தில் இருந்து கற்பதும் அவர்கள் பார்வையில் பங்கேற்புதான். அதனால் பேசாதவர்களைத் துரத்தாதீர்கள். இணையக் குழுக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 90 பேர் படிப்பதோடு நிற்கிறார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், ஒருவர்தான் நிறைய எழுதுகிறார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006-லேயே சொல்லியிருக்கிறார்.

எல்லோரையும் பார்த்துக் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். நான் ஒருவரைத் தனியாக போனில் கூப்பிடுவேன். “தோள்பட்டை இறுக்கத்துக்கு வந்தவர் இன்னும் கையைத் தூக்க முடியாமல் இருக்கிறார் என்றீர்களே, அதைக் குழுவில் எழுதுங்களேன்” என்று கேட்பேன். அப்புறம் அதே பிரச்சினையைப் பார்த்த இரண்டு பேரிடம், “நாளைக்கு இப்படி ஒன்று வரும், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்பேன். அவர்கள் தொடங்கிவிட்டால் மற்றவர்களுக்குக் கூச்சம் விட்டுவிடும். வெளியே தெரியாத இந்த வேலைக்குத்தான் நேரம் அதிகம் போகும், அதை நிர்வாகத்திடம் இப்போதே சொல்லிவையுங்கள். நோயாளியின் பெயரோ முகமோ தெரியும்படி ஏதாவது வந்தால் உடனே நீக்கிவிட்டு, எழுதியவரிடம் காரணத்தைத் தனியாகச் சொல்லுங்கள்.

மாணவர் குழுவில் ஒரே கேள்வி ஒவ்வொரு ஆண்டும் திரும்ப வரும். நல்ல பதில்களைத் தொகுத்து வைத்தால் போதும்.

தனி_கிளினிக்:
நான் இன்னொரு சங்கத்தில் இதே மாதிரி குழுவில் இருக்கிறேன். உங்கள் நான்காவது குழுவில் நிர்வாகிகள் இருக்கிறார்களா? இருந்தால் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். “இந்தத் தொழிலையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது” என்று ஒருவர் எழுதியிருக்கும்போது, அதன் மேல் வாரக் கேள்வி வந்து விழுந்தால் அவர் இனி வாயே திறக்க மாட்டார். தயவுசெய்து அங்கே வாரக் கேள்வி வேண்டாம். அந்த மாதிரிப் பதிவுக்குச் சீக்கிரம் ஒரு பதில் போக வேண்டும், அறிவுரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆவணக்காரர்:
எந்தச் செயலியில் நடத்தினாலும் முக்கியமான உரையாடல்களுக்குச் சங்கத்திடம் ஒரு பிரதி இருக்கட்டும். யாகூ குரூப்ஸ் என்ற இணையக் குழுச் சேவை 2020 டிசம்பரில் மூடப்பட்டது. ஸ்லாக் என்ற குழு உரையாடல் செயலியின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகளைத்தான் பார்க்க முடியும். ஆனால் நான்காவது குழுவில் மட்டும் பிரதி எடுக்காதீர்கள்.

புதிய_ஒருங்கிணைப்பாளர்:
அனைவருக்கும் நன்றி. பதிவு எண்ணிக்கைக்குப் பதிலாக நிர்வாகத்திடம் எதைக் காட்டுவது?

பழைய_நெறியாளர்:
விதிக் குழுவுக்கு எத்தனை பிரிவுகள் முடிந்தன என்ற கணக்கு. சிகிச்சைக் குழுவுக்கு, அங்கே படித்ததைத் தன் நோயாளிக்குச் செய்து பார்த்த இரண்டு மூன்று பேரின் அனுபவத்தை, அவர்கள் அனுமதியோடு எழுதிக் கொடுங்கள். மாணவர்களுக்கு, பதில் கிடைக்காமல் நின்ற கேள்விகள் எத்தனை என்று பாருங்கள். தனி கிளினிக் குழுவுக்கு எண்ணே வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை பெயர் கேட்காமல், “இந்தக் குழு உங்களுக்கு உதவுகிறதா?” என்று கேட்டு, வந்த பதில்களை அப்படியே கொடுங்கள்.