ஞாயிறு மன்றாட்டில் சபையின் சரித்திரத்தை எப்படிச் சொல்வது?

வெள்ளவத்தைத் தங்கச்சி:
வரும் ஞாயிறு எங்கள் மெதடிஸ்த சபையின் ஆண்டு விழா ஆராதனை. மன்றாட்டு ஜெபம் என் தலையில். "சமூகப் பணிக்காக ஜெபியுங்கோ, பழையதையும் நினைவுகூருங்கோ, ஐந்து நிமிடம் போதும்" என்றார் போதகர். பணி என்றால் சனிக்கிழமை விடியக் கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற நாட்டாமிமாருக்குப் பணிஸும் பிளேன் டீயும் கொடுப்பது, அவ்வளவுதான். இதை, முதல் மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கைக்கு வந்த 1814ஓடு எப்படி முடிச்சுப் போடுவது? இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஓ.எல். சரித்திரப் பாடம் மாதிரியே வருகிறது.

பழைய பொருளாளர்:
அந்த மிஷனரிமாரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்ட தலைவர் டொக்டர் தோமஸ் கோக்கில் தொடங்குங்கோ, பிள்ளை. 66 வயதில் அடம்பிடித்துக் கப்பலேறியவர். 1814 மே 3 காலை அறைக் கதவைத் திறந்தால் மனிதர் இறந்து கிடக்கிறார். இந்து சமுத்திரத்திலேயே அடக்கம். பணக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவர் பொறுப்பு. கூட வந்த இளம் மிஷனரிமார் வெறுங்கையோடு நின்றார்கள். பம்பாயில் ஒருவர் கைகொடுத்ததால்தான் ஜூன் 29 காலியில் வந்து இறங்க முடிந்தது. 1816 டிசம்பரில் புறக்கோட்டையில் கோவிலே திறந்துவிட்டார்கள்! மற்றத் திகதிகளை விடுங்கோ, அந்த வெறுங்கையை மட்டும் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை அக்கா:
அண்ணா சொன்னது சரி. ஆனால் "ஏழை எளியவர்கள்" என்று பொத்தாம்பொதுவாக ஜெபிக்காதே, தங்கச்சி. போன சனி ஒரு ஐயா பணிஸில் பாதியைத் தின்றுவிட்டு, மிச்சத்தை லஞ்ச் ஷீட்டில் சுற்றி மடியில் செருகினார். சீனியை உள்ளங்கையில் வாங்கி, நக்கி நக்கி டீ குடித்தார். முழங்கால் வீங்கியிருந்தது. அந்த முழங்காலுக்காக ஜெபி. கண்ணை மூடியிருக்கிறவர்களுக்கும் ஆள் தெரியும்.

வெள்ளவத்தைத் தங்கச்சி:
இப்படி எழுதியிருக்கிறேன்: "ஆண்டவரே, காசு வைத்திருந்தவரைக் கடலில் விட்டுவிட்டு வந்தவர்களைக் கரை சேர்த்தீர். பாதிப் பணிஸை மடியில் கட்டிக்கொண்டு கைவண்டி இழுக்கிறவரின் முழங்காலையும் இன்று பாரும்."
சரியா? இன்னொன்று, பேக்கரிக்கு இரண்டு கிழமைக் காசு பாக்கி. அதையும் ஜெபத்தில் சேர்க்கலாமா?

பழைய பொருளாளர்:
சேருங்கோ. இப்போதைய பொருளாளர் முன் வாங்கில்தான் இருப்பார். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கோ.