எக்ஸ்ரே அறையில் நோயைச் சொல்லிக் கொடுப்பது: தென்னாப்பிரிக்காவிலிருந்து சில அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த் டீச்சர், டர்பன்

ரேடியோகிராபி, அதாவது எக்ஸ்ரே எடுக்கும் தொழில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பல வருஷமாக மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கிறேன். ஒவ்வொரு புது வகுப்பிலும் இந்தக் கேள்வி வந்துவிடும்: "நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. நமக்கு எதுக்கு மேடம் இவ்வளவு நோயியல்?" இதற்கு நான் வகுப்பில் பதில் சொல்வதில்லை. எக்ஸ்ரே அறைக்கு வரட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒரு தாத்தா தாங்க முடியாத வயிற்று வலியோடு ஸ்ட்ரெச்சரில் வந்தார். குடல் புண் ஓட்டையாகியிருக்குமோ என்ற சந்தேகம் சீட்டில் எழுதியிருந்தது. மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி, வேலையில் கெட்டிக்காரி, அவரைப் படுத்த நிலையிலேயே எடுக்கத் தயாரானாள்.

"ஓட்டை விழுந்தால் குடலிலிருந்து என்ன வெளியே வரும்?"

"காற்று, மேடம்."

"அது எங்கே போய் நிற்கும்?"

"மேலே."

"படுத்திருப்பவருக்கு மேலே எது?"

சட்டென்று புரிந்துகொண்டாள். படுத்திருந்தால் காற்று வயிற்றின் முன்பக்கம் பரவிவிடும், படத்தில் எளிதில் தெரியாது. நிமிர்த்தி உட்கார வைத்து ஒரு பத்து நிமிஷம் பொறுத்தால், உதரவிதானத்துக்கு அடியில் கறுப்புப் பிறையாகத் தெரியும். தாத்தாவால் உட்கார முடியவில்லை. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, கதிரைக் கிடைமட்டமாக விட்டு எடுத்தோம். கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவில் காற்று தெளிவாக இருந்தது. அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. அந்த மாணவி அப்புறம் "எதுக்கு நோயியல்" என்று கேட்கவே இல்லை.

கதிரின் அளவும் நோயைப் பொறுத்ததுதான். நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்திருந்தால் கூட்ட வேண்டும். எம்பிசீமா (நுரையீரலின் காற்றறைகள் சிதைந்து காற்று தேங்கும் நோய்), எலும்புத் தேய்வு என்றால் குறைக்க வேண்டும். ஃபிலிம் காலத்தில் அளவு மிஞ்சினால் படம் கறுத்துப்போய்க் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டலில் கணினி சரிக்கட்டி அழகான படமாகத் தந்துவிடுகிறது, நோயாளி வாங்கிய அதிகக் கதிர் யார் கண்ணிலும் படுவதில்லை. இந்த விஷயத்தில் மட்டும் பிள்ளைகளிடம் நான் கொஞ்சம்கூட விட்டுக்கொடுப்பதில்லை.

டிபி (காசநோய்) இல்லாமல் எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் ஒரு நாளும் ஓடாது. 2017 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் டிபி உறுதியானவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இருமல், காய்ச்சல் என்று எந்த அறிகுறியும் சொல்லாதவர்கள். அப்படிப்பட்டவர்களைக் காட்டிக்கொடுத்தது மார்பு எக்ஸ்ரே. மாணவர்களோ நுரையீரலின் மேல்பகுதியில் குழி விழுந்த படத்தைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். எச்ஐவி முற்றி எதிர்ப்புச் சக்தி இறங்கியவருக்குப் பல சமயம் குழி விழாது. நிணநீர்ச் சுரப்பி வீங்கியிருக்கலாம், கீழ்ப்பகுதி மங்கலாக இருக்கலாம், படம் சுத்தமாகவே இருந்துவிடவும் செய்யலாம். அப்படியானவருக்கு அரை மூச்சில் எடுத்த படம் எதற்கும் உதவாது. தோளை முன்னால் தள்ளி, மூச்சை முழுசாக இழுக்கச் சொல்லி எடுக்க வேண்டும். ஜூலு பேசுகிறவரிடம் "டோன்சா உமோயா", நம் ஆயாவிடம் "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க ஆயா". இரண்டும் வராமல் என்னிடம் யாரும் தேறியதில்லை.

உங்கள் பக்கத்து அனுபவத்தையும் எழுதுங்கள்.

லெனேசியா அண்ணன், ஜோஹானஸ்பர்க்

டீச்சர், உங்களுக்கு டிபி என்றால் எங்களுக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். "என்ன வேலை பார்த்தீங்க, எத்தனை வருஷம் பார்த்தீங்க?" என்று கேட்காமல் வயதான ஆம்பளை யாருக்கும் மார்புப் படம் எடுக்காதே என்பேன். பாறைத்தூள் நுரையீரலில் தங்கிவிட்டால், சுரங்கத்தை விட்டுப் பல வருஷம் கழித்தும் சிலிகோசிஸ் வரும். மேல்பகுதியில் பொடிப் பொடியாகப் புள்ளிகள், சிலருக்கு நிணநீர்ச் சுரப்பியின் ஓரம் முட்டை ஓடு போலச் சுண்ணாம்பு படிந்திருக்கும். டிபியும் இவர்களைச் சுலபமாகப் பிடிக்கும். டிபிக்கு ஆறு மாசம் மருந்து உண்டு. சிலிகோசிஸைக் குணமாக்க மருந்து கிடையாது. அதனால் எது புதுசு, எது பழசு என்று தெரிய பழைய படத்தைத் தேடி எடுத்து ஒப்பிடச் சொல்லித் தருகிறேன். சுரங்க நிறுவனங்கள் மீதான வழக்கின் சமரசத்தை 2019-ல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகு, நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களுக்கு இந்தப் படமும் ஒரு சாட்சி. மங்கலாக எடுத்தால் ஒரு குடும்பத்தின் காசு போகும் என்று பிள்ளைகளிடம் நேராகவே சொல்கிறேன்.

பீனிக்ஸ் தங்கச்சி, கதிர் சிகிச்சைப் பிரிவு

சிகிச்சைப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன் அக்கா. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டுதல் என்றார். உடம்பில் மஞ்சளும் சந்தனமும் பூசலாமா என்று என் மாணவனிடம்தான் கேட்டார். அவன் "டாக்டரைக் கேளுங்க" என்று நகரப் பார்த்தான். டாக்டரிடம் போகட்டும், ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்றாவது உனக்குத் தெரிய வேண்டாமா என்றேன். கதிர் பட்ட தோலின் சிவப்பும் எரிச்சலும் உடனே வராது, கடைசி நாள் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் கூடிக்கொண்டே போகலாம். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, குத்தக் கூடாது. கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்ட நாங்கள் தோலில் போட்ட குறிகள் அழிந்தால் மறுநாள் படுக்க வைக்கும் இடமே மாறிப்போகும். டாக்டரோடு பேசி, அந்த அம்மா பால்குடம் மட்டும் எடுத்தார். குறிகளை மறுபடி போட வேண்டிய அவசியமே வரவில்லை.

டோங்காட் பேரன்

நம் ஜனங்களுக்குச் சர்க்கரை அதிகம், எனக்கு வருவதெல்லாம் கால் எக்ஸ்ரேதான். உணர்ச்சி மரத்த காலோடு ஈஸ்டர் சமயத்துத் தீமிதியில் இறங்கிவிட்டு, புண் நாறிய பிறகு வந்தார் ஒரு மாமா. நெருப்புப் பட்டதே தெரியவில்லையாம். படத்தைப் பார்த்த மாணவன் "எலும்பு நல்லா இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டான். அப்படிச் சொல்லவே கூடாது. எலும்பில் சீழ் பிடித்தால் சாதா எக்ஸ்ரேயில் தெரிய பத்துப் பதினாலு நாள் ஆகும். திரும்ப எடுத்தபோது விரல் எலும்பு அரித்திருந்தது. இப்போதெல்லாம் புண் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டுச் சீட்டில் எழுதிவிட்டுத்தான் எங்கள் பிள்ளைகள் படமே எடுக்கிறார்கள்.

இப்படி முதல் படமும் பிந்தைய படமும் சேர்ந்தாற்போல் யாரிடமாவது இருந்தால், பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். அடுத்த பருவத்து வகுப்புக்கு வேண்டும்.