கொலுவுக்கு வரும் வழிகாட்டி நாய்: நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

மாரிஸ்டவுன்வாசி கேட்டது:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூஜெர்சியின் மாரிஸ்டவுனில், ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். எதிர்வீட்டு அம்மையாருக்குப் பார்வை இல்லை. இவ்வூரிலேயே உள்ள 'தி சீயிங் ஐ' பள்ளியில் பயிற்சி முடித்து, அண்மையில் ஒரு லாப்ரடார் வழிகாட்டி நாயுடன் வீடு திரும்பியிருக்கிறார். நவராத்திரிக்கு அவரை அழைக்க மிகவும் விரும்புகிறோம். ஆனால் என் ஆறு வயது மகள் லிஃப்டில் அந்த நாயைக் கண்டாலே தடவ ஓடுகிறாள். என் மாமியாருக்கோ நாய் என்றாலே பயம். நாய்க்குத் தின்ன ஏதேனும் கொடுக்கலாமா என்பதும் தெரியவில்லை. அவர் மனம் நோகாமல் எப்படி நடந்துகொள்வது?

வெள்ளைக்கோல் எழுதியது:
வணக்கம், சகோதரி. நானும் பார்வையற்றவள், வழிகாட்டி நாயுடன் நடமாடுபவள். மகளிடம் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லாமல் காரணத்தையும் விளக்குங்கள். நாய் போக்குவரத்து விளக்கைப் பார்த்துச் சாலையைக் கடத்துவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், வாகனங்களின் ஓசையைக் கேட்டு, எப்போது கடப்பது என்று முடிவுசெய்து கட்டளையிடுபவர் பார்வையற்றவரே. வழியிலுள்ள கம்பத்தையும் பள்ளத்தையும் விலக்கி நடத்துவதும், படிக்கட்டின் விளிம்பில் நின்று உணர்த்துவதும், கட்டளையிட்ட பிறகும் ஏதேனும் வண்டி குறுக்கே வந்தால் கீழ்ப்படிய மறுத்து நின்றுவிடுவதும் நாயின் பொறுப்பு. அந்த நேரத்தில் யாரேனும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ, சொடுக்குப் போட்டாலோ, கொஞ்சலாகப் பேசினாலோ கூட அதன் கவனம் சிதறிவிடும், அடிபடுவது நாங்கள்.

ஆகவே லிஃப்டில் முதல் வணக்கம் அவருக்கே இருக்கட்டும்; நீங்கள் யார் என்று பெயரையும் சொல்லுங்கள். தடவலாமா என்று மகள் அவரிடமே கேட்கலாம். நாயின் உடலில் மாட்டியிருக்கும், பிடியுள்ள வார்ப்பட்டையான ஹார்னஸைக் கழற்றிய பிறகு அவரே அனுமதிக்கக்கூடும்; வேண்டாம் என்றாலும் அதைக் கோபமென்று எண்ண வேண்டாம். உதவுவதாக நினைத்து அவர் கையையோ ஹார்னஸின் பிடியையோ பற்றிவிடாதீர்கள். எனக்கு இதைவிடத் திகிலூட்டும் உபகாரம் வேறில்லை. உதவி வேண்டுமா என்று கேட்டால், தேவைப்படும்போது அவரே உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். நாய் பெரும்பாலும் இடப்பக்கம் நடக்கும் என்பதால் நீங்கள் வலப்பக்கம் வாருங்கள். 'அதோ அங்கே' என்பது எங்களுக்குப் பயன்படாது. 'உங்கள் இடப்பக்கம், இரண்டடி தள்ளி நாற்காலி' என்று சொன்னால் போதும். பொம்மைகள் சிலவற்றை அவர் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். அழைத்ததற்கு அதுவே பெரிய மரியாதை.

கால்நடை மருத்துவர் எழுதியது:
உணவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எதுவும் கொடுக்க வேண்டாம். பாயசத்தில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியது, வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, சாக்லேட்டும் நஞ்சு. தீங்கில்லாத உணவே ஆனாலும், விருந்து வீட்டில் ஒருமுறை கிடைத்துவிட்டால் அடுத்த உணவகத்தில் மேசைக்கடியில் மோப்பம் பிடிக்கத் தொடங்கும். குழந்தைகள் தரையில் சிந்தும் சுண்டலை உடனே பெருக்கிவிடுங்கள். தண்ணீர் வைக்கலாமா என்று அவரிடம் கேட்டு, அவர் சொன்னால் ஒரு கிண்ணத்தில் வையுங்கள்.

உணவகத்தார் எழுதியது:
வீட்டு விருந்துக்குச் சட்டம் பொருந்தாது என்றாலும், இங்கே உணவகம் நடத்தும் நம்மவர் பலர் படிப்பதால் சொல்கிறேன். 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, சேவை நாயா என்பது பார்த்தவுடன் விளங்காதபோது ஊழியர்கள் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: உடற்குறை காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா, எந்த வேலைக்குப் பயிற்சி பெற்றது. சான்றிதழ் கேட்கவும், வேலையைச் செய்துகாட்டச் சொல்லவும், நோய் என்னவென்று விசாரிக்கவும் உரிமையில்லை. பிற வாடிக்கையாளரின் பயமோ ஒவ்வாமையோ மறுப்பதற்குக் காரணமாகாது. இருவரையும் தள்ளித்தள்ளி அமர வைப்பதே முறை. நாய் கட்டுக்கடங்காமல் இருந்து உரியவரும் அதை அடக்காவிட்டாலோ, கண்ட இடத்தில் மலசலம் கழிக்காத பழக்கம் நாய்க்கு இல்லாவிட்டாலோ மட்டுமே வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். அப்போதும் அவருக்கு உணவு பரிமாற மறுக்கக்கூடாது.

மாரிஸ்டவுன்வாசி எழுதியது:
அனைவருக்கும் மிக்க நன்றி. மாமியாருக்காக, நாயைச் சற்று நேரம் வேறு அறையில் விடுமாறு அவரிடம் கேட்பது தவறாகுமா?

வெள்ளைக்கோல் எழுதியது:
வாசலில் வந்து நிற்கும்போது கேட்டால் அது அவமதிப்பாகத் தோன்றும்; அழைக்கும்போதே பெரியவருக்குப் பயம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். எதிர்வீடு என்பதால், நாயைத் தம் வீட்டிலேயே விட்டுவிட்டு உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வர அவரே விரும்பலாம். இல்லை, உடன் அழைத்துத்தான் வருவேன் என்றால், மாமியாரைக் கூடத்தின் மறுகோடியில் அமர வைத்து, கொலுப்படிக்கு அருகே நாய் கால்நீட்டிப் படுக்கும் அளவுக்கு இடம்விட்டு அவருக்கு நாற்காலி போடுங்கள். வாசலில் ஈரத்துணி ஒன்றும் வைத்திருங்கள். உள்ளே வருமுன் நாயின் பாதங்களை அவரே துடைத்துவிடுவார்.